வாசலில் சொட்டாத கசிவு: பழைய ஜிப்சி ஒன்றின் கூலன்ட் இழப்பு, நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரிப் பக்கம் சிறிய அளவில் தேயிலை வைத்திருக்கும் ஒருவரின் வண்டி இது. 1998ஆம் ஆண்டு மாருதி ஜிப்சி, சாஃப்ட் டாப். கார்புரேட்டர் வைத்த 1.3 லிட்டர், 8 வால்வு ஜி13பிஏ என்ஜின். இவர் கைக்கு வருவதற்கு முன் பல கைகள் மாறியிருக்கிறது. தோட்டத்திலிருந்து மண் பாதையில் பச்சை இலை மூட்டைகளை ரோட்டுக்குக் கொண்டுவருவது தினப்படி வேலை. உரம், சாமான் வாங்க அவ்வப்போது மேட்டுப்பாளையம் போய் வரும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர், கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர். முப்பது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும் பாதையில் 1,500 மீட்டர் ஏற வேண்டும். பாரம் ஏற்றிய ஜிப்சி இதில் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கியரில்தான் வரும். என்ஜின் வேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாக நகரும், ரேடியேட்டருக்கு எதிர்காற்று அதிகம் கிடைக்காது. ஃபேன் இழுக்கும் காற்றை நம்பித்தான் ஏற வேண்டும். கூலிங் சிஸ்டத்தில் உள்ள சின்னக் குறைகூட இந்த ஏற்றத்தில் தெரிந்துவிடும்.

உரிமையாளரின் புகார் எளிமையானது: ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, எங்கே போகிறதென்று தெரியவில்லை. தொடக்கத்தில் எப்போதாவது ஒரு லிட்டர் ஊற்றினால் போதுமாக இருந்தது. பிறகு காலையில் வண்டி எடுப்பதற்கு முன் தினமும் ஊற்ற வேண்டியதாயிற்று. வாசலில் சொட்டிய தடம் கிடையாது. சீட்டுக்குப் பின்னால் ஐந்து லிட்டர் கேன் ஒன்று நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

எங்கள் பட்டறைக்கு வருவதற்குள் மூன்று வேலைகள் நடந்திருந்தன. ஹோஸ்களையெல்லாம் புதிதாக மாற்றியிருந்தார்கள். ரேடியேட்டரைக் கழற்றி, ராடு விட்டு அடைப்பெடுத்து, பற்றவைத்து மாட்டியிருந்தார்கள். அடுத்து, கசிவை அடைக்கும் பவுடரை ரேடியேட்டரில் கொட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு சில நாள் நன்றாக இருந்து, மறுபடி பழைய கதைதான். கடைசியாக ஒரு பட்டறையில், ஹெட் கேஸ்கட் (என்ஜினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்கி ஃபேஸிங் போட வேண்டும், அதாவது முகத்தைச் சமமாகச் சீவ வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்ன தொகை வண்டியின் மதிப்போடு ஒப்பிட்டால் சின்னது இல்லை. "ஹெட்டைப் பிரிக்கறதுக்கு முன்னாடி ஒருதடவை பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்று வண்டியை விட்டுப் போனார்.

வண்டி வந்தபோது

அந்தப் பட்டறை வெறுமனே ஊகத்தில் பேசவில்லை. மூன்று காரணங்கள் வைத்திருந்தார்கள், மூன்றுமே காதில் போட்டுக்கொள்ள வேண்டியவைதான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் தட்டுகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது, சிறிது நேரத்தில் இரண்டும் சரியாகிவிடுகின்றன. நான்கு பிளக்குகளில் மூன்று கறுத்திருக்க, ஒன்று மட்டும் கழுவி வைத்தது போல் வெளுத்திருக்கிறது. கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அமுக்கும்போது எழும் அழுத்தம்) எல்லாச் சிலிண்டரிலும் 11 கிலோவுக்குள்தான் வருகிறது. கையேட்டில் 14 என்றும், 12க்குக் கீழே போகக் கூடாதென்றும் இருக்கிறது.

உரிமையாளர் பேச்சோடு பேச்சாகச் சொன்ன இன்னொரு விஷயம் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் மேலே போகும், சில சமயம் திடீரென்று கீழே இறங்கிவிடும். இறங்கினால் வண்டி ஆறிவிட்டதென்று எண்ணி அவர் தொடர்ந்து ஓட்டியிருக்கிறார். இந்த என்ஜினில் அந்த சென்சார் இருப்பது இன்டேக் மேனிஃபோல்டில் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் குழாய்த் தொகுதி), மேல்மட்டத்தில். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால் சென்சாரைத் தொடுவது ஆவியும் காற்றும்தான். அதன் சூடு தண்ணீரின் சூடு அளவுக்கு முள்ளில் ஏறாது. ஆகவே ஏற்றத்தின் நடுவில் முள் சட்டென்று விழுந்தால் உடனே ஓரம்கட்டி நிறுத்த வேண்டும். இதை அவரிடம் முதலில் சொல்லி, வேலை முடியும் வரை வண்டியைக் கீழே இறக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டோம்.

ரேடியேட்டரைத் திறந்தால் உள்ளே காப்பி நிறத்தில் துருத் தண்ணீர். தண்ணீரோடு கலக்க வேண்டிய கூலன்ட் திரவம் இருந்த அடையாளமே இல்லை. ஊற்று நீரும் குழாய் நீரும் மாறி மாறி ஊற்றியிருக்கிறார்கள். இந்த என்ஜினின் ஹெட், பிளாக், மேனிஃபோல்ட் எல்லாமே அலுமினியம். கூலன்டில் உள்ள அரிப்புத் தடுப்பு மருந்து இல்லாத தண்ணீர் அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், அதுவும் கேஸ்கட் உட்காரும் விளிம்பில்தான் முதலில் வாய் வைக்கும். மலைத் தண்ணீர் சுத்தமானது, உப்பில்லாதது, அதனால் என்ஜினுக்கும் நல்லது என்ற நம்பிக்கை இங்கே பரவலாக உண்டு. உப்புப் படியாது என்பது வரைக்கும் சரி. அரிப்பு நிற்காது.

முதலில் பார்த்தவை

ரேடியேட்டர் மூடியை டெஸ்டரில் வைத்துப் பார்த்தோம். 0.9 என்று பொறித்திருக்கும் மூடி அது, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தம் வரை தாங்கிப் பிறகுதான் திறக்க வேண்டும். 0.4க்கே திறந்துவிட்டது. ரப்பர் இறுகிப் பள்ளம் விழுந்திருந்தது.

சமவெளியை விட மலையில் இதன் விளைவு கூடுதல். 1,800 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். 0.9 மூடி ஒழுங்காக அழுத்தத்தைப் பிடித்தால் அதே தண்ணீர் 115 டிகிரி வரை கொதிக்காது. அழுத்தம் நிற்காத ரேடியேட்டர் இங்கே கிட்டத்தட்ட திறந்த பாத்திரம்தான். எனவே கொஞ்சம் தண்ணீர் கொதித்து ரிசர்வாயருக்கும் (ரேடியேட்டரிலிருந்து பொங்குவதைப் பிடிக்கும் டப்பா) அங்கிருந்து வெளியேயும் போயிருக்கும் என்பது உறுதியாயிற்று. ஆனால் ராத்திரி சும்மா நின்ற வண்டியில் காலையில் மட்டம் குறைவதற்கும், ஒரு பிளக் வெளுப்பதற்கும் மூடி பதில் சொல்லவில்லை. புது மூடி போட்டுவிட்டு மேலே தேடினோம்.

எஞ்சின் ஆயிலைக் கம்பியில் எடுத்துப் பார்த்தோம், ஃபில்லர் மூடியின் அடிப்பக்கத்தையும் பார்த்தோம். பால் கலந்த மாதிரி எதுவும் இல்லை. முன்பக்க கார்ப்பெட்டில் ஈரமில்லை. ஹீட்டரை யாரோ எப்போதோ கழற்றி எடுத்துவிட்டு இரண்டு வாய்களையும் ஒரே ஹோஸால் சேர்த்துவிட்டிருந்ததால், அந்தப் பக்கம் தேட வேண்டிய இடம் ஒன்று குறைந்தது.

ஹெட் கேஸ்கட்தானா?

கம்ப்ரஷனை நாங்களும் அளந்தோம். 10.8, 11, 10.6, 10.9. அந்தப் பட்டறை சொன்ன எண்கள் சரியானவையே. அதை வாசித்ததில்தான் எங்களுக்கு வேறு கருத்து. கையேட்டின் 14 கிலோ என்பது கடல் மட்டத்துக் காற்றை வைத்துச் சொன்னது. கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. உள்ளே போகும் காற்றே குறைவென்றால் அமுக்கி வருவதும் குறையத்தானே செய்யும்? கணக்குப் போட்டால் நல்ல என்ஜினுக்கே இங்கே 11 கிலோவுக்குச் சற்று மேல்தான் வரும். சிலிண்டர்களுக்கிடையே 1 கிலோவுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாதென்பது கையேட்டின் இன்னொரு நிபந்தனை, இங்கே 0.4தான் இருந்தது. இருபது வயதைத் தாண்டிய என்ஜினுக்கு இது நல்ல கம்ப்ரஷன். மலைப்பட்டறைகளில் இந்த ஒரு கணக்கைப் போடாமல் ஹெட் இறக்கிய வண்டிகள் எத்தனையோ இருக்கும்.

அப்புறம் நீல மருந்துச் சோதனை. என்ஜின் சூடாகி ஓடும்போது ரேடியேட்டர் வாயில் தேங்கும் காற்றை இழுத்து ஒரு நீலத் திரவம் வழியாக விட வேண்டும். எரிந்த வாயு அதில் கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகிவிடும். ஹெட் கேஸ்கட் சிலிண்டருக்கும் நீர்வழிக்கும் நடுவே விட்டுப்போயிருந்தால், எரியும்போது எழும் அழுத்தம் வாயுவைத் தண்ணீருக்குள் தள்ளாமல் விடாது. திரவம் நீலமாகவே இருந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள, ஆக்சிலரேட்டரைக் கொடுத்துப் பிடித்தபடி மறுபடி பார்த்தோம். அப்போதும் நீலம்தான். ரேடியேட்டர் வாயில் தொடர்ந்து குமிழியும் வரவில்லை.

இங்கே நிலைமை இப்படி இருந்தது: தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போகிறது, அதற்கு வெளுத்த பிளக்கும் காலைப் புகையும் சாட்சி. ஆனால் சிலிண்டரிலிருந்து வாயு தண்ணீருக்குள் வரவில்லை. போகிற வழி வாயு திரும்பி வர முடியாத வழியாக இருக்க வேண்டும். அதாவது இன்டேக் வால்வுக்கு வெளியே.

இந்த என்ஜினில் அப்படி ஓர் இடம் உண்டு. இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளும் கூலன்ட் ஓடுகிறது. கார்புரேட்டரின் அடிப்பாகம் உறையாமல் இருக்க அந்தச் சூடு தேவை. தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) உட்காரும் இடமும் அந்த மேனிஃபோல்ட்தான். ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் முகத்தில் காற்றுப் போகும் வாய்களும் நீர் போகும் வாயும் பக்கம் பக்கமாக, ஒரே கேஸ்கட்டின் மேல் இருக்கின்றன. அந்தக் கேஸ்கட் உட்பக்கமாக விட்டால் தண்ணீர் பக்கத்து இன்டேக் வாய்க்குள் போகும். வெளிப்பக்கமாக விட்டால் பிளாக்கின் மேல் வழியும்.

வெளுத்த பிளக் நீர்வழிக்குப் பக்கத்துச் சிலிண்டருடையது. சந்தேகம் வலுத்தது, ஆனாலும் இது இன்னும் அனுமானம்தான்.

குளிர்ந்த என்ஜினில் அழுத்தச் சோதனை

வண்டியை ராத்திரி முழுக்க ஆறவிட்டோம். காலையில் மட்டத்தை நிரப்பி, மூடிக்குப் பதிலாகக் கைப்பம்ப் டெஸ்டரை ரேடியேட்டர் வாயில் மாட்டி, 0.9 வரை ஏற்றினோம். பிளக்குகள் நான்கையும் முன்கூட்டியே கழற்றி வைத்திருந்தோம்.

முள் மெதுவாக இறங்கியது. கால் மணி நேரத்தில் 0.6. கீழே ஒரு சொட்டும் இல்லை. இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். பலர் முள் இறங்குவதை டெஸ்டரின் ரப்பர் சரியில்லை என்று தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். மறுபடி ஏற்றிவிட்டு, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து மேனிஃபோல்டின் அடி விளிம்பைப் பார்த்தோம். வெள்ளையும் துருவுமாக ஒரு பொருக்கு படிந்திருந்தது, அதன் ஓரத்தில் ஈரம் மினுங்கியது. சற்று நேரத்தில் அது ஒரு கோடாகி, பிளாக்கின் மேடான விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஊர்ந்து, கியர்பாக்ஸ் வந்து சேரும் இடத்துக்குள் மறைந்தது. கடைசியில் அந்த இடத்தை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சொட்டு தொங்கியது. அந்த இடம் ஏற்கெனவே ஆயில் அழுக்கு படிந்து கறுத்துக் கிடப்பது. அங்கே ஈரம் இருந்தால் யாரும் தண்ணீரென்று நினைக்க மாட்டார்கள்.

பிறகு ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். சந்தேகப்பட்ட சிலிண்டரின் பிளக் துளையிலிருந்து தண்ணீர்த் துளிகள் தெறித்தன. மற்ற மூன்றும் காய்ந்திருந்தன.

அதே சோதனையை என்ஜின் நன்றாகச் சூடான பிறகு செய்தபோது முள் ஏறக்குறைய அசையாமல் நின்றது. இதற்குக் காரணம் உண்டு. அலுமினியம் சூட்டில் விரியும் அளவு இரும்பு விரிவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள் இரும்பு. சூடாகும்போது அலுமினியம் தடித்து ஸ்டட்டை இழுக்கும், கேஸ்கட் இறுக்கமாக அமுங்கும், கசிவு நிற்கும். வண்டியை நிறுத்தியபின் ஆறும்போது பிடி தளரும்; ரேடியேட்டருக்குள் அழுத்தமோ இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அந்த இடைவெளியில்தான் தண்ணீர் போயிருக்கிறது. வெளியே வந்த கொஞ்சமும் சூடான பிளாக்கின் மேலேயே காய்ந்துவிட்டது. பட்டறைக்கு ஓட்டி வந்த வண்டியைச் சூடாகவே திறந்து பார்த்தவர்களுக்குக் கசிவு தெரியாமல் போனதில் வியப்பில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

உரிமையாளரை வரவழைத்து, கழற்றிய பிளக்கையும் டெஸ்டரையும் காட்டி விளக்கினோம். ஹெட்டைத் தொட வேண்டாம், மேனிஃபோல்டை மட்டும் இறக்கலாம் என்பது எங்கள் முடிவு. கம்ப்ரஷன் சரி, வாயு சோதனை சரி, ஆயில் சரி. ஹெட்டை இறக்க ஒரு காரணமும் பாக்கியில்லை. மேனிஃபோல்டை இறக்கியபின் ஹெட் முகத்தையும் பார்க்க முடியும் என்பதால், தவறிப்போனாலும் இந்த வேலை வீணாகாது.

தீர்க்க வேண்டிய இன்னொன்றும் இருந்தது, வாட்டர் பம்ப். அது காய்ந்திருந்தது, கசிவுத் துளையில் பழைய துருக்கறை மட்டும். ஃபேனும் இந்த பம்ப் ஷாஃப்டிலேயே இருக்கிறது, கையால் ஆட்டினால் நூலளவு ஆட்டம். இத்தனை காலம் இந்த சிஸ்டம் முழு அழுத்தத்தைப் பார்த்ததே இல்லை: மூடி 0.4ல் திறந்தது, கேஸ்கட் கசிந்தது. இரண்டையும் சரிசெய்தபின் அழுத்தம் 0.9க்குப் போகும், அப்போது அடுத்த பலவீனமான இடம் வாய் திறக்கும். அது பம்ப்பாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொன்னோம். ஆனால் பம்பைக் கழற்ற டைமிங் பெல்ட்டையும் டென்ஷனரையும் இறக்க வேண்டும், கூலி கூடும். "இப்ப காய்ஞ்சுதானே இருக்கு, ஒழுகினா பார்த்துக்கலாம்" என்றார். இலை சீசன், கையில் காசு முடை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம், தீர்மானம் அவருடையது.

கழற்றியபோது

மேனிஃபோல்ட் இறங்கியதும் கேஸ்கட் கதையைச் சொல்லிவிட்டது. நீர் வாய்க்கும் காற்று வாய்க்கும் நடுவே இருந்த பட்டையில் துரு நிறத்தில் ஒரு பாதை. மேனிஃபோல்டின் முகத்தில் அதே இடத்தில் அலுமினியம் அரித்துக் குழி விழுந்திருந்தது. ஸ்ட்ரெயிட் எட்ஜை வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்ததில் 0.15 மி.மீ. வளைவு, கையேடு அனுமதிப்பது 0.10. ஹெட்டின் பக்கம் குழிகள் ஆழமில்லை, வளைவும் அளவுக்குள் இருந்தது.

தெர்மோஸ்டாட் வீட்டைத் திறந்தால் தெர்மோஸ்டாட்டே இல்லை. வண்டி ஹீட் ஆகிறதென்றால் முதல் வேலையாக அதைக் கழற்றி எறிவது நம் ஊரில் பழகிப்போன வைத்தியம். திறந்த நிலையில் நன்றாக இருக்கும் தெர்மோஸ்டாட் ஏற்றத்தில் தண்ணீரைத் தடுப்பதில்லை, ஆகவே எடுத்துவிடுவதால் ஏற்றத்தில் லாபம் ஏதுமில்லை. நஷ்டம் இறக்கத்தில். கோத்தகிரியிலிருந்து கீழே போகும்போது என்ஜினுக்கு வேலையே கிடையாது. தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் சில்லிட்டுப் போகும், பெட்ரோல் சரியாக ஆவியாகாது, மைலேஜ் விழும். திரும்பி ஏறும்போது அதே மேனிஃபோல்ட் மறுபடி முழுச் சூட்டுக்குப் போகும். இந்தக் கேஸ்கட் ஒவ்வொரு தடவையும் பட்ட விரிவும் சுருக்கமும் இதனால் கூடித்தான் இருக்கும்.

நீர்வழிகளில் சாம்பல் நிறக் களிம்பும் ஒட்டியிருந்தது. கசிவடைக்கும் பவுடரின் மிச்சம். கேஸ்கட் பாதையில் அது நிற்கவில்லை. ஓட்டம் மந்தமான மூலைகளில் போய்ப் படிந்திருந்தது.

சரிசெய்தது

மேனிஃபோல்டைக் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பினோம். குழிகளை ஆர்கான் வெல்டிங்கில் நிரப்பி, முகத்தை ஃபேஸிங் போட்டு வாங்கினோம். எபாக்ஸி பசை தடவி மாட்டிவிடலாம் என்ற யோசனையும் வந்தது. சூடும் குளிருமாக மாறும் இடத்தில், ஒரு பக்கம் தண்ணீர் அழுத்தமும் மறுபக்கம் என்ஜின் இழுப்பும் உள்ள பட்டையில் அது எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது என்பதால் வேண்டாமென்று விட்டோம்.

ஹெட் முகத்தைத் தட்டையான கட்டையில் சுற்றிய மெல்லிய உப்புத்தாளால் சுத்தம் செய்தோம். தூள் வாய்களுக்குள் போகாமல் துணி அடைத்திருந்தோம். ஸ்டட்களில் துருவேறிய இரண்டை மாற்றினோம். புதுக் கேஸ்கட், நடுவிலிருந்து இரண்டு ஓரங்களுக்கும் போகும் வரிசையில் டார்க் ரெஞ்ச்சால் படிப்படியாக இறுக்கம். 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றை வெந்நீர்ச் சட்டியில் போட்டு, திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டினோம்.

சிஸ்டத்தை முன்னும் பின்னுமாக, வெளிவரும் தண்ணீர் தெளியும் வரை கழுவினோம். பிறகு டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்டும் சரிபாதி. காற்று வெளியேற, வண்டியின் மூக்கு மேடாக நிற்கும்படி பட்டறைச் சரிவில் நிறுத்தி, மூடி திறந்தபடியே தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க நிரப்பினோம்.

மறுநாள் காலை குளிர்ந்த என்ஜினில் அதே சோதனை. 0.9ல் வைத்த முள் அசையவில்லை. ஸ்டார்ட்டில் தட்டலும் இல்லை, புகையும் இல்லை.

பிறகு நடந்தது

சில வாரங்களுக்குள் அவர் திரும்பி வந்தார். இந்தத் தடவை வாசலிலேயே சொட்டியிருந்தது, பச்சையாக. வாட்டர் பம்ப்பின் கசிவுத் துளை. அந்தத் துளை எதற்கென்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது: பம்ப்பின் சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வந்து எச்சரிக்கத்தான் அந்த ஓட்டை. அதில் எம்-சீல் வைத்து அடைத்த பம்ப்புகளையும் பார்த்திருக்கிறோம். அடைத்தால் தண்ணீர் பேரிங்கைக் கெடுக்கும், ஃபேன் ஆடும், ஒருநாள் ரேடியேட்டரையே கிழிக்கும்.

பம்ப்பை மாற்றினோம். பெல்ட் இறங்கியதும் அதன் பல் அடிகளில் வெடிப்புகள் தெரிந்ததால் பெல்ட், டென்ஷனர் இரண்டையும் மாற்றினோம். பெல்ட் எப்போது போட்டதென்று யாருக்கும் தெரியாது, அதை மட்டும் பழசாகவே மாட்டுவதில் அர்த்தமில்லை. பம்ப்புக்கும் ஆயில் பம்ப்புக்கும் நடுவிலும், பம்ப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவிலும் வரும் சின்ன ரப்பர்களை மறக்காமல் வைத்தோம். இவற்றைச் சில பம்ப் டப்பாக்களில் தருவதில்லை, தனியே கேட்டு வாங்க வேண்டும்.

அதன்பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க வண்டி ஓடியிருக்கிறது. ரிசர்வாயரில் போட்ட கோட்டிலிருந்து மட்டம் இறங்கவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து உர மூட்டைகளோடு ஏறும்போதும் முள் பாதிக்குச் சற்று மேலேயே நிற்கிறதென்று சொன்னார். சீட்டுக்குப் பின்னாலிருந்த கேனை எடுத்துவிட வேண்டாமென்று நாங்கள்தான் சொன்னோம். பழைய வண்டி, மலைப் பாதை, இருக்கட்டும். உள்ளே வெறும் தண்ணீருக்குப் பதிலாகக் கலந்த கூலன்ட் இருக்கிறது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

பம்ப் விஷயத்தில் விலைப்பட்டியலை வேறு மாதிரி முன்வைப்போம். இரண்டு தடவை கூலன்டை வடித்து நிரப்பிய செலவு, வண்டி நின்ற நாள்களில் இலையை வாடகை வண்டியில் ஏற்றிய செலவு, இரண்டு கூலி எல்லாம் சேர்ந்து, முதலிலேயே பம்ப்பையும் பெல்ட்டையும் செய்திருந்தால் ஆகியிருக்கக்கூடியதைத் தாண்டிவிட்டன. இந்தக் கணக்கை எழுத்தில் காட்டியிருந்தால் அவர் வேறு முடிவெடுத்திருக்கலாம். பெல்ட்டின் வயது தெரியாத வண்டி, பம்ப்பில் ஆட்டம் என்ற இரண்டும் சேர்ந்து வந்தால், இனி இரண்டையும் ஒரே வேலையாகத்தான் எழுதித் தருகிறோம்.

கூலிங் புகாரோடு வரும் எந்த வண்டியையும் ராத்திரி பட்டறையிலேயே நிறுத்தி, காலையில் குளிர்ந்த நிலையில் அழுத்தம் ஏற்றிப் பார்ப்பதை வழக்கமாக்கியிருக்கிறோம். வாடிக்கையாளருக்கு இது பிடிப்பதில்லை. உடனே போனெட்டைத் திறந்து பார்க்கச் சொல்வார்கள். இந்த ஜிப்சியில் மூடியும் டெஸ்டரும் சேர்ந்து ஒரு மணி நேர வேலை. அதற்கு முன்னால் ரேடியேட்டருக்கும் ஹோஸ்களுக்கும் செலவானது ஒரு புது பம்ப்பின் விலையைவிட அதிகம்.

கம்ப்ரஷன் அளவுகளை எழுதும் சீட்டில், கையேட்டு எண்ணுக்குப் பக்கத்தில் எங்கள் உயரத்துக்கான எண்ணையும் எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம். ஊட்டி, குன்னூர்ப் பட்டறைகள் தங்கள் உயரத்துக்கு ஒருமுறை கணக்குப் போட்டுக்கொண்டால் போதும்.

இந்த வண்டியில் பாக்கியிருப்பது ஒன்று. ஹீட்டர் வாய்களை இணைக்கும் அந்த வளைந்த ஹோஸ் வளைவில் லேசாக மடங்கி நிற்கிறது, கிளாம்ப்புக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் கோடு ஒன்று தெரிகிறது. இப்போது முழு அழுத்தம் படுவது அங்கேயும்தான். புது ஹோஸுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம், அடுத்த ஆயில் சர்வீஸில் மாற்றப்போகிறோம்.